வாத்தியாருக்கே வகுப்பா? கேள்வி – பதில்

கே: நிஷ்டா, திக்‌ஷா, சி.ஆர்.சி., பி.ஆர்.சி. என்று வருஷம் முழுக்கப் பயிற்சிதான். ஒரு வரலாற்று ஆசிரியை எப்போது சார் பாடம் நடத்துவது?
– சமூக அறிவியல் ஆசிரியை, எலவனாசூர்கோட்டை

ப: இரண்டு பயிற்சிக்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வருமே, அன்றைக்கு.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரம் என்று எழுதி வைத்தது. சிங்கப்பூரில் 1998-லிருந்தே 100 மணி நேரம். அங்கே அந்த நூறையும் ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். இங்கே வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதரைக்குப் பட்டியல் வரும், காலை ஒன்பதரைக்கு ஆஜராக வேண்டும். மணிக்கணக்கை விடுங்கள் டீச்சர், அந்தப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியை நீட்டினாலே பாதிக் குறை தீரும்.

கே: மாநிலத்தில் பயிற்சி எடுத்தவர் மாவட்டத்துக்குச் சொல்கிறார், மாவட்டம் ஒன்றியத்துக்கு, ஒன்றியம் எங்களுக்கு. எங்கள் கைக்கு வரும்போது வருகைத்தாள் மட்டும்தான் மிஞ்சுகிறது. இந்த முறையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
– ஆங்கில ஆசிரியர், உளுந்தூர்பேட்டை

ப: அந்தப் புண்ணியத்தில் நம்ம சென்னைக்கும் பெரிய பங்கு உண்டு. 1959-ல் சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. கூடவே பிரிட்டிஷ் கவுன்சிலும் நின்றது. இலக்கு, சின்ன வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் 27,000 ஆசிரியர்கள். இத்தனை பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியுமா? முதலில் சிலருக்குக் கற்பிப்பது, அவர்கள் போய்ப் பலருக்குக் கற்பிப்பது, அந்தப் பலர் ஊர் ஊராகக் கொண்டுபோவது என்று திட்டம். உலக ஆங்கிலப் பயிற்சி வட்டாரத்தில் இதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பேர். மே மாத மெட்ராஸைப் பார்க்காத யாரோ வைத்த பேர்.

அப்போது கொண்டுபோன சரக்கு ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை. வாக்கிய வடிவங்களை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, புத்தகத்தைக் கையில் தூக்கிக் காட்டி “திஸ் இஸ் எ புக்” என்று சொல்ல வைத்துப் பழக்குவது. மேலே இருந்தவர்களுக்கு ஏன் இந்த வாக்கியம் முதலில், ஏன் அது பத்தாவதாக என்ற காரணம் தெரியும். மூன்றாவது கைக்கு வந்தபோது காரணம் கழன்றுவிட்டது, வாக்கியம் மட்டும் வந்தது. பிள்ளைகள் கோரஸ் பாடினார்கள். உங்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கோரஸ் இன்னும் காதில் கேட்கும்.

இதற்கு மறுப்பாக வந்தவர் என்.எஸ்.பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை பார்த்தவர். இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, “எந்த வண்டியில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தலையைச் சொறிய விட்டார். யோசிப்பது விடைக்காக, மொழி அதன் போக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. 1979 முதல் 1984 வரை நடந்த அதற்குப் பெங்களூர்த் திட்டம் என்று பேர் என்றாலும், நம் பழைய தென்னாற்காடு மாவட்டத் தலைநகரான கடலூரிலும் வகுப்புகள் நடந்தன. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றைக்கும் பிரபு பேர் அடிபடுகிறது. உளுந்தூர்பேட்டையிலிருந்து கடலூர் ஒரு பஸ் தூரம்தான். எத்தனை பயிற்சியில் உங்களுக்கு யாராவது அவர் பேரைச் சொன்னார்கள்?

கே: எங்க இங்கிலீஷ் மிஸ் ட்ரெயினிங் போயிட்டாங்க. எங்களுக்கு ரெண்டு நாள் ஜாலி. இப்படி நினைக்கிறது தப்பா அங்கிள்?
– எட்டாம் வகுப்பு மாணவன்

ப: தப்பே இல்லை தம்பி. மிஸ்ஸும் அதையேதான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கே: வரலாற்று ஆசிரியருக்கு உருப்படியான பயிற்சி எங்கே கிடைக்கும்? டெல்லியிலா?
– பட்டதாரி ஆசிரியர், ஆசனூர்

ப: டெல்லியில் சி.சி.ஆர்.டி. என்று ஒன்று இருக்கிறது, 1979-லிருந்து. பண்பாட்டைப் பாடத்தோடு சேர்த்து நடத்த ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பொம்மலாட்டம்கூட உண்டு. ஹைதராபாத்தில் கிளையும் இருக்கிறது. கல்வித்துறை வழியாகப் பரிந்துரைத்து அனுப்புவார்கள். வாய்ப்பு வந்தால் விடாதீர்கள், திரும்பி வந்தவர்கள் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் டெல்லி வண்டி ஏறும் முன்பு ஒருநாள் எலவனாசூர்கோட்டையில் இறங்குங்கள். அர்த்தநாரீசுவரர் கோயில் சுவரைப் பாருங்கள். சோழர் காலத்தில் இந்த ஊர் இறையானரையூர். சுவர் முழுக்க எழுத்து. நீங்கள் நடத்தும் ஏழாம் வகுப்புப் பாடத்தின் மூலப்பிரதி அங்கே வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது.

காலை ஏழரைக்குள் போய்விட வேண்டும். சாய்ந்த வெயில் சுவரில் விழும்போது வெட்டின் ஒரு கரையில் நிழல் தங்கும், எழுத்து தானாக எழுந்து வரும். உச்சி வெயிலில் அதே சுவர் வெறும் சொரசொரப்பாகத் தெரியும். வெயில் படாத பக்கமா? செல்போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், நேரே அடிக்காதீர்கள். மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் தேய்க்க வேண்டாம். கோயில் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

முதல் நாள் ஒரு வரிகூட ஓடாது, கவலைப்படாதீர்கள். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று கிரந்தத்தில் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பிறகு ராஜாவின் புகழ் வரும், அதைத் தாண்டினால் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த நாடு, எந்த ஊர், கொடுத்தது யார், கொடுத்தது என்ன என்று வரிசையாக வரும். சோழர் காலக் கோயில்களில் அடிக்கடி கண்ணில் படும் கணக்கு ஒன்று: நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பட்டம். ஆடு செத்தாலும் கிழடு தட்டினாலும் குட்டியைச் சேர்த்துக் கணக்கில் 96-ஐ நிறுத்த வேண்டியது மேய்ப்பவர் பொறுப்பு. எமிஸ் பதிவேட்டுக்கு ஆயிரம் வருஷம் முன்பே, பதிவேட்டில் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் கலை நம்மிடம் இருந்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சு நிமிரும்.

அச்சில் வேண்டுமானால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் இருக்கின்றன. கல்வெட்டுத் துறையினர் இந்தப் பக்கம் வந்து படியெடுத்துப் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நமக்குத்தான் இன்னும் ஓ.டி. கிடைக்கவில்லை.

கே: அசோகர் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். பாடலிபுத்திரம் அவர்களுக்கு ரொம்ப தூரம்.
– ஆசிரியை, மணலூர்பேட்டை

ப: உங்கள் பக்கத்து ஊர் ஜம்பை எத்தனை தூரம்? அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு ‘சத்தியபுத்திரர்’ என்று ஒருவரையும் தெற்கே இருப்பவராகச் சொன்னார். யார் அவர் என்று அறிஞர்கள் ரொம்ப காலம் சண்டை போட்டார்கள். கேரளத்தில் தேடினார்கள், காஞ்சிபுரத்தில் தேடினார்கள். 1981-ல் ஜம்பை மலைக்குகையில் தமிழி எழுத்தில் ஒற்றை வரி கிடைத்தது. சத்தியபுதோ என்ற பட்டத்தோடு அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் என்று அதில் இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவரும் அசோகர் சொன்னவரும் ஒரே குலம் என்று உங்கள் ஊர்ப் பாறை சொல்லி வழக்கை முடித்தது. பிள்ளைகளை நடத்தியே கூட்டிப்போகலாம். பாடலிபுத்திரத்துக்கு ரிசர்வேஷன் வேண்டாம்.

கே: ஆங்கில ஆசிரியர்களுக்கு எந்தப் பயிற்சி நல்லது? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், தியாகதுர்கம்

ப: ஒளிக்காமல் சொன்னால், ஆங்கிலத்தில் நடக்கும் பயிற்சி நல்லது. சிரிக்காதீர்கள். ஆங்கிலப் பயிற்சி என்று பேனர் கட்டி, “இப்ப நாம குரூப்பா பிரிஞ்சு ஆக்டிவிட்டி பண்ணப் போறோம்” என்று தமிழில் தொடங்கி, சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து, டீ குடித்து, கைதட்டி முடிக்கிற கூட்டங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மணி நேரத்தில் நீங்கள் பேசிய ஆங்கிலம் ஐந்து நிமிஷம்கூட இருக்காது. ‘குட் மார்னிங்’கையும் ‘தேங்க் யூ’வையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெங்களூரு ஞானபாரதி வளாகத்தில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனம் இருக்கிறது, 1963-ல் தொடங்கியது. அங்கே 30 நாள் தங்கிப் படிக்கும் சான்றிதழ்ப் பயிற்சி உண்டு. முப்பது நாளும் பக்கத்துக் கட்டிலில் கேரளக்காரர், எதிர்க் கட்டிலில் தெலுங்குக்காரர். சோறு சரியில்லை என்று குறை சொல்வதற்கும் ஆங்கிலம்தான் வேண்டும். என் கணிப்பில், வகுப்பில் கற்றதைவிட அந்த மெஸ்ஸில் கற்றதுதான் அதிகம் தங்கும். நீண்ட படிப்பு வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் இஃப்ளூ இருக்கிறது.

முப்பது நாள் வீட்டை விட்டு எப்படிப் போவது, குழந்தை இருக்கிறதே, மாமியார் இருக்கிறாரே என்றால், அதுவும் நியாயம்தான். ஊரிலேயே இரண்டு பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் ஓர் ஆங்கிலச் சிறுகதையை வாய்விட்டுப் படியுங்கள், ஆங்கிலத்திலேயே சண்டை போடுங்கள். ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் நாம் யாரும் அவ்வளவு பலவீனம் இல்லை. ஆங்கிலம் படித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் கேள்வி.

கே: நான் எம்.ஏ. வரலாறு. என் சர்வீஸில் பாதியை ஆங்கிலம் எடுத்தே கழித்தேன். இது என்ன நியாயம்?
– ஓய்வு பெற்றவர், சங்கராபுரம்

ப: ஆங்கிலத்துக்கென்று தனியாகப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் வருவதற்கு முன்பு, தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் வரலாற்றுக்காரர் தலையில்தான் ஆங்கிலம் விழுந்தது. அக்பரையும் ஆக்டிவ் வாய்ஸையும் ஒரே சாக்பீஸில் நடத்திய தலைமுறை உங்களுடையது. நியாயம் இல்லை சார், ஆனால் அதில் ஒரு லாபம் இருந்தது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

1750-களின் கடைசியில் பிரெஞ்சுப் படை எலவனாசூர் கோட்டைமேல் பாய்ந்த கதையை ராபர்ட் ஓர்ம் என்கிற ஆங்கிலேயர் அந்த நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆள், அவர் கண்ணோட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு பத்தியை எடுத்து, ஆங்கில வகுப்பில் வாக்கியத்தைப் பிரிக்கட்டும், வரலாற்று வகுப்பில் “இதைச் சொல்கிறவர் யார், யாருக்காகச் சொல்கிறார், அவர் சொல்லாமல் விட்டது என்ன?” என்று கேட்கட்டும். அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்ற பேராசிரியர் ஸ்டான்ஃபோர்டில் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் வரலாற்று ஆசிரியர்களுக்குப் பயிற்சியே கொடுத்தார். இரண்டு பாடத்தையும் ஒரே ஆள் எடுத்த காலத்தில் இது எவ்வளவு சுலபம்! இன்றைக்கு இரண்டு ஆசிரியர், இரண்டு பீரியட், நடுவில் ஒரு ஸ்டாஃப் ரூம் பகை.

கே: தகுதித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். இருபது வருஷம் பாடம் நடத்தியவனுக்குத் தகுதி இல்லையா?
– பட்டதாரி ஆசிரியர் (ஆங்கிலம்), எலவனாசூர்கோட்டை

ப: கோபம் புரிகிறது. ஆனால் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் மிச்சம் இருப்பவர் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர் எழுதாமலே தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. சங்கங்கள் பார்க்கிற வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் புத்தகத்தையும் பார்த்து வையுங்கள்.

வேடிக்கை என்ன தெரியுமா? இரண்டாம் தாளில் 150 மதிப்பெண். ஆங்கிலத்துக்கு 30. கணிதம்–அறிவியல் அல்லது சமூக அறிவியலுக்கு 60. ஆங்கில ஆசிரியரான நீங்கள் சமூக அறிவியலை எடுத்தால் உங்கள் பாடத்தைவிட இரண்டு மடங்கு வரலாறும் புவியியலும் எழுத வேண்டும். பக்கத்து வகுப்பு வரலாற்றுச் சாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தால் இன்றைக்கே ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவருக்கும் அந்த 30 மதிப்பெண் ஆங்கிலத்துக்கு நீங்கள் வேண்டும்.

கே: பயிற்சியில் கற்றது ஒரு வாரத்துக்கு மேல் ஏன் வகுப்பில் நிற்பதில்லை?
– ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்

ப: நீங்களே கேட்பது மனதுக்கு இதமாக இருக்கிறது. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980-களிலேயே இதைத் தோண்டிப் பார்த்துவிட்டார்கள். விளக்கிச் சொன்னாலும், செய்து காட்டினாலும் வகுப்புவரை போவது கொஞ்சம்தான். பிறகு ஒருவர் வகுப்புக்கே வந்து, கூட இருந்து, திரும்பத் திரும்பப் பார்த்துச் சொன்னால்தான் ஒட்டுகிறது. ஜப்பானில் இதை ஆசிரியர்களே தங்களுக்குள் செய்துகொள்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் தயாரிப்பார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளின் முகத்தைக் கவனிப்பார்கள். ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. முடிந்ததும் பாடத்தை மறுபடி பிரித்துப் போடுவார்கள்.

நம்மூரில் பின்வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அதற்கு ‘விசிட்’ என்று பேர், முதல் கேள்வி “பாடக்குறிப்பு எங்கே?”. அந்த நாற்காலியில் மேலதிகாரிக்குப் பதிலாகப் பக்கத்து வகுப்பு டீச்சர் உட்கார்ந்தால் போதும். செலவு ஒரு நாற்காலி.

கே: கல்வராயன் மலையில் வேலை. பயிற்சிக்குக் கீழே இறங்கினால் அன்று பள்ளிக்கூடம் பாதி மூடல். மலைக்கு யாரும் பயிற்சி கொடுக்க ஏறி வருவதில்லை.
– உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர், வெள்ளிமலை அருகே

ப: இந்தக் கேள்விக்கு நக்கலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருத்தாளர் மலை ஏற வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் ஏறுவதா, பத்துப் பேர் இறங்குவதா என்று கூட்டல் தெரிந்த யாரும் முடிவு செய்யலாம்.

அவர் ஏறி வந்தால் அவருக்கும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாடு சுதந்திரம் அடைந்தது 1947 என்று பாடத்தில் இருக்கிறது. உங்கள் மலை மூன்று ஜாகீர்களின் பிடியிலிருந்து முழுதாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல். அந்த இடைப்பட்ட காலத்தில் யாருக்கு வரி கொடுத்தார்கள், யார் நிலத்தில் யார் உழைத்தார்கள் என்று கேட்டுச் சொல்ல இன்னும் பாட்டி தாத்தாக்கள் திண்ணையில் இருக்கிறார்கள். 1976-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு செல்போனைக் கொடுத்து ஆளுக்கு ஒரு பெரியவரிடம் அனுப்புங்கள். எந்தக் கட்டகத்திலும் இல்லாத பாடம் அது. தள்ளிப் போட முடியாத பாடமும்கூட.

கே: ஏ.ஐ. பாடக்குறிப்பு எழுதித் தருகிறதே, இனிப் பயிற்சி எதற்கு?
– இளம் ஆசிரியர், கள்ளக்குறிச்சி

ப: அதனிடம் உங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கல்வெட்டைப் பார்க்காமலே முழு நம்பிக்கையோடு பேசும். அந்த விஷயத்தில் அதற்கும் நம்மில் பலருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கே: பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொன்னால் யாரை அனுப்புவது என்று தெரியவில்லை.
– தலைமையாசிரியர்

ப: தெரியாமல் என்ன, வழக்கமாகப் போகிறவரைத்தான் அனுப்புவீர்கள். புதிதாக வந்தவர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர், வண்டி வைத்திருப்பவர். இந்த மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் அவருக்கு மாவட்டத்திலுள்ள எல்லா சமோசாவின் ருசியும் அத்துப்படி.

கே: பி.எச்டி. படித்தால் பலன் உண்டா?
– முதுகலை ஆசிரியர் (வரலாறு)

ப: சம்பளத்திலா, மண்டையிலா? உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதன்பிறகும் பதிவு செய்கிறவர்களைத்தான் நான் ஆராய்ச்சியாளர் என்று நம்புகிறேன்.

நல்ல தலைப்பு வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். 1429-ஐ ஒட்டி விருத்தாசலம் பக்கமும் காவிரிப் பக்கமும் வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த மக்கள், வரிக்கொடுமை தாங்காமல் ஒன்றுசேர்ந்து கல்லில் வெட்டி வைத்தார்கள். அதிகாரிகளும் நிலக்காரர்களும் பிடுங்குவதற்கு இனி ஒத்துழைக்க மாட்டோம் என்று. நொபுரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து எ.சுப்பராயலுவோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். நீங்கள் டவுன் பஸ்ஸில் போகலாம்.

கே: போன வருஷப் பயிற்சிக்கான பயணப்படி எப்போது வரும் சார்?
– பலர்

ப: நான் கடந்த காலத்துக்கு மட்டும்தான் பதில் சொல்கிறவன்.